திருநாள் இல்லாத நம் முதல் ஆயர்



கணபதியில் ஒரு வீட்டில் செபமாலை முடிந்து, சுண்டலும் காப்பியும் வந்துகொண்டிருந்த நேரம். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாட்டி ஒருவர் எங்களிடம் கேட்டார்: "ஏனுங்க சாமி, கன்னியாகுமரிக்காரங்களுக்குத் தேவசகாயம் இருக்காருங்க. ராமநாதபுரத்துப் பக்கம் அருளானந்தர் இருக்காருங்க. நம்ம கோயமுத்தூருக்கு ஆருமே இல்லீங்களா?"

வானொலியில் நாள்தோறும் ஒரு புனிதரைப் பற்றிப் பேசுகிற எங்களுக்கு இந்தக் கேள்வி ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று சற்று வெட்கமாகத்தான் இருந்தது. சனவரி 14 வந்தால் பொங்கல் பானையோடு தேவசகாயத்தை நினைக்கிறோம். பிப்ரவரி 4 வந்தால் ஓரியூர் செம்மண்ணைப் பற்றிப் பேசுகிறோம். சூலை 3 தோமா, டிசம்பர் 3 சவேரியார். சூன் மாதக் கடைசியிலும் பெரிய திருநாள்கள் நெருங்கி வருகின்றன. 24 அன்று திருமுழுக்கு யோவானின் பிறப்பு. 28 அன்று லியோன் நகர ஆயரான புனித இரேனியு. 29 அன்று பேதுருவும் பவுலும். இவற்றுக்கு நடுவே சூன் 25 நம் நாட்காட்டியில் பெரும்பாலும் ஒரு சாதாரண நாள். பச்சை உடை, வழக்கமான திருப்பலி, வழக்கமான வாசகம்.

அந்த நாளில்தான், 1859ஆம் ஆண்டு, மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் நகரில் ஓர் ஆயர் மஞ்சள் காய்ச்சலால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 45. அதற்கு நாலேகால் ஆண்டுகளுக்கு முன்வரை அவர் நம் கோயம்புத்தூரின் ஆயர். இந்த மறைமாவட்டத்தின் முதல் ஆயர். பெயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக்.

பாட்டியிடம் அன்று இந்தப் பெயரைச் சொன்னோம். "அப்படி ஒருத்தரா?" என்றார். அவர்மேல் குறையில்லை. மக்களிடம் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

திருஅவை ஒருவரைப் புனிதர் என அறிவிப்பதற்கு முன் சில படிகள் உண்டு. முதலில் இறை ஊழியர். அவருடைய வாழ்வை ஆராய்ந்து, நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு முதலிய நற்பண்புகளை அவர் வீரத்துவத்தோடு கடைப்பிடித்தார் என்று கண்டால், வணக்கத்திற்குரியவர். அதன்பின் அருளாளர், அதன்பின் புனிதர். தேவசகாயம் 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். அவர் 2012இல் அருளாளர் ஆனார், 2022 மே 15 அன்று புனிதர் ஆனார். நம் ஆயர் பிரெசிலாக்கைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2020 மே 26 அன்று வணக்கத்திற்குரியவர் என்று அறிவித்தார். கொரோனா ஊரடங்கில் கோவில் கதவுகள் மூடியிருந்த காலம் அது. செய்தி வந்தது, போனது. திருப்பலிக்குக் கூட முடியாதபோது எங்கே போய்க் கொண்டாடுவது?

அவருடைய கதையைச் சொல்வதற்கு முன் நம் ஊர்ச் சாலையைப் பற்றி ஒரு சொல். கணபதியிலிருந்து வடக்கே போகிற சத்தி சாலையில் நாள்தோறும் எத்தனை முறை போய்வருகிறோம்! அந்தச் சாலை முடிகிற சத்தியமங்கலத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே மதுரை மறைபரப்புத் தளத்தின் இயேசு சபைக் குருக்கள் பணியாற்றினார்கள். கிழக்கே அவிநாசி சாலையில் இருக்கும் கருமத்தம்பட்டியின் செபமாலை அன்னை கோவிலுக்கும் அதே காலத்து வேர்தான். கொங்கு மண்ணில் கிறிஸ்தவம் வெள்ளைக்கார கலெக்டரோடு வந்தது என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு ஊர்ப் பெயர்களைச் சொன்னால் போதும். கலெக்டர் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கே செபமாலை சொன்னார்கள்.

ஆனால் 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. மேய்ப்பர்கள் இல்லாமல் மந்தை சிதறியது. பாரீசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் புதுச்சேரியிலிருந்து இந்தப் பகுதியைக் கவனித்தார்கள். புதுச்சேரியிலிருந்து கோயம்புத்தூருக்கு மாட்டுவண்டியில் எத்தனை நாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒரு குரு ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே பெரிது. குழந்தைக்குத் திருமுழுக்கு, தாத்தாவுக்கு நோயில்பூசுதல், மகளுக்குத் திருமணம் எல்லாம் அந்த ஒரு வருகைக்காகக் காத்திருக்கும். தாத்தாவால் காத்திருக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

இந்தப் புதுச்சேரிக்குத்தான் 1842 சூலையில், கப்பலில் மூன்று மாதத்துக்கும் மேல் பயணம் செய்து, பிரெசிலாக் வந்து இறங்கினார். தெற்கு பிரான்சில் காஸ்தெல்நோதரி என்ற ஊரில் 1813 டிசம்பர் 2 அன்று பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியில் சொத்திழந்த உயர்குடிக் குடும்பம். பெயரில் பெருமை இருந்தது, கையில் பணம் இல்லை. தந்தையே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1838இல் குருவாகி, சொந்த ஊரிலேயே உதவிப் பங்குத்தந்தையாக இருந்தார். அவர் பணியாற்றிய அந்தக் கோவில் தூய மிக்கேலுக்கு உரியது. நம் கோயம்புத்தூர்ப் பேராலயமும் மிக்கேல் அதிதூதருக்கு உரியதுதானே! இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு உண்டென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனாலும் பெரிய கடைவீதி வழியே போகும்போது இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

வெளிநாட்டு மறைப்பணிக்குப் போக வேண்டும் என்று அவர் சொன்னபோது தந்தை ஒத்துக்கொள்ளவில்லை. ஊரை விட்டுக் கிளம்பிய நாளில் தந்தையிடம் நேரில் விடைபெறாமலே கிளம்ப நேர்ந்தது. மகனையோ மகளையோ குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் அனுப்பிய பெற்றோர் நம் பங்கில் இருக்கிறார்கள். அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அனுப்ப மறுத்த பெற்றோருக்கும் தெரியும்.

பாரீசில் ஆயத்தத் தியானத்தில் அவர் ஒரு தீர்மானம் எடுத்தார். தன் நேரத்தையும் வலிமையையும் சுதேசக் குருக்களை உருவாக்கச் செலவிடுவது. அந்தத் தீர்மானத்தை அவர் இந்தியாவில் இருந்த 12 ஆண்டுகளும் விடவில்லை. அவருடைய மகிழ்ச்சிகளும் துன்பங்களும் பெரும்பாலும் அதிலிருந்து வந்தவையே.

முதலில் சேலம். தமிழ் படித்து, வெயிலும் வண்டிப் பாதையும் பழகி, மக்களோடு இருந்தார். 1844 சனவரியில் புதுச்சேரி ஆயர் கிளமென்ட் பொன்னாண்ட் தம் குருக்களையெல்லாம் அழைத்து ஒரு மாமன்றம் நடத்தினார். பேசப்பட்டவற்றில் முதன்மையானது, இந்த நாட்டுப் பிள்ளைகளைக் குருக்களாக உருவாக்குவது. அப்போது முப்பது வயது இளைஞராக இருந்த பிரெசிலாக்கும், அவருடைய நண்பர் லூக்கே என்னும் குருவும் இதில் ஊக்கமாக நின்றார்கள். லூக்கே மாமன்ற ஏடுகளை உரோமைக்குக் கொண்டு சென்று வாதாடினார். அதன் பயனாக 1845 நவம்பரில் உரோமைப் பேராயம் ஒரு புகழ்பெற்ற அறிவுரை மடலை வெளியிட்டது. மறைபரப்பு நாடுகளில் அந்தந்த நாட்டுக் குருக்களை உருவாக்குங்கள், அவர்களை என்றைக்கும் உதவியாளராகவே வைத்திருக்காதீர்கள், ஆயர்களாகும் அளவுக்கு வளர்த்தெடுங்கள் என்பது அதன் சாரம்.

இதற்கு லூக்கே கொடுத்த விலையும் உண்டு. அவரைப் புதுச்சேரிக்குத் துணை ஆயராகத் திருநிலைப்படுத்தினார்கள். ஆனால் அங்கிருந்த சக மறைபோதகர்கள் எதிர்த்தார்கள். அவர் இந்தியாவுக்குத் திரும்பி வர முடியாமலே போயிற்று. நல்ல மடல் ஒன்றை எழுத வைப்பது எளிது, அதை உள்ளூரில் நடைமுறைக்குக் கொண்டுவருவது வேறு.

அந்த மாமன்றத்துக்குப் பின் பிரெசிலாக் புதுச்சேரிக் குருமடத்தின் பொறுப்பை ஏற்றார். அடுத்து, கோயம்புத்தூர் தனி மறைபரப்புப் பகுதியாகப் பிரிக்கப்பட்டபோது அதன் தலைமைக்கு அவரையே நியமித்தார்கள். 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆயர் பொன்னாண்ட் கைகளை வைத்து செபித்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் மாதத்தின் முதல் ஞாயிறு. இன்று அக்டோபர் 7 அன்று செபமாலை அன்னையை நினைக்கிறோம். அந்தக் காலத்தில் அந்தத் திருநாள் அக்டோபர் முதல் ஞாயிறன்றே வரும். ஆக, செபமாலை அன்னையின் ஊரில், செபமாலை அன்னையின் திருநாளன்றே நம் முதல் ஆயர் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது அவருக்கு 33 வயது கூட நிரம்பவில்லை.

அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர் புரூசா நகரின் ஆயர் என்பது. துருக்கியில் உள்ள பழைய ஊர் அது. இந்தியாவில் முறையான மறைமாவட்டங்கள் 1886இல்தான் ஏற்படுத்தப்பட்டன. அதுவரை இங்கே இருந்தவர்கள் திருத்தந்தையின் பெயரால் பணியாற்றிய ஆயர்கள். பெயருக்கு எங்கோ ஒரு பண்டைய நகரம், வேலைக்குக் கருமத்தம்பட்டி.

அவர் பொறுப்பில் இருந்த நிலப்பரப்பு இன்றைய கோவை மறைமாவட்டத்தைவிடப் பெரியது. நீலகிரியும் அதில் அடக்கம். உதகை தனி மறைமாவட்டமானது 1955இல்தான். இத்தனை பெரிய இடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய குருக்கள். போதாக்குறைக்கு, போர்த்துக்கீசிய அரசின் உரிமையில் இயங்கிய கோவாக் குருக்களுக்கும் உரோமை அனுப்பிய குருக்களுக்கும் தமிழகமெங்கும் அப்போது சண்டை. இந்தக் கோவில் யாருக்கு, அந்தச் சாவி யாரிடம் என்று ஊர் ஊராக வழக்கு. அதை விரிக்க வேண்டாம், யாரும் பெருமைப்படும் கதை அன்று.

இத்தனைக்கும் நடுவில் அவர் முதலில் கவனித்தது குருமடத்தை. பிள்ளைகளைச் சேர்த்தார், படிக்க வைத்தார். உள்ளூர்க் குருக்களை ஐரோப்பியக் குருக்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். இது இன்று நமக்கு வியப்பாக இருக்காது. நம் பங்குத்தந்தை நம் ஊர்க்காரர், ஆயர் நம் மொழி பேசுகிறவர். அன்று அப்படியில்லை. இந்தியக் குரு எவ்வளவு படித்தாலும், எத்தனை ஆண்டு பணியாற்றினாலும், நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய இளைஞருக்குக் கீழேதான். "இவர்களால் பொறுப்பேற்க முடியாது, இன்னும் காலமாகவில்லை" என்பது பலருடைய எண்ணம். காலமாகவில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு நூற்றாண்டு போய்விட்டதே என்பது பிரெசிலாக்கின் வருத்தம். ஐரோப்பாவில் ஒரு கலகம் வந்தால் கப்பல்கள் நின்றுவிடும். கப்பல் நின்றால் குருக்கள் வரமாட்டார்கள். அப்புறம் இந்த மக்களுக்கு யார்? 1773க்குப் பின் நடந்ததை அவர் மறக்கவில்லை.

1850இல் கோயம்புத்தூர் உரோமையின் நேரடிப் பொறுப்பிலுள்ள முழுப் பகுதியாக உயர்த்தப்பட்டது. அவர் காலத்தில் பேராலயப் பணியும் தொடங்கியது. அது முடிந்து, இன்று நாம் காணும் மிக்கேல் பேராலயமாக 1867இல் எழுந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அன்பார்ந்தவர்களே, இனி சொல்லப்போவது சற்றுச் சிக்கலான செய்தி. ஆனால் இதைத் தாண்டிவிட்டால் இந்த மனிதரையே தாண்டிவிட்டதாக ஆகும்.

இயேசு சபைக் குருக்கள் 17ஆம் நூற்றாண்டில் தமிழ்ப் பழக்கவழக்கங்கள் பலவற்றை ஏற்றுக்கொண்டே மறையைப் பரப்பினார்கள். இதை எதிர்த்து உரோமைக்குப் புகார்கள் போயின. 1704இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் தங்கி ஓர் ஆணை பிறப்பித்தார். அதில் என்னென்ன இருந்தன என்று பார்த்தால் நமக்கு மிகவும் பழக்கமான செய்திகள். பிள்ளையார் உருவம் பதித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியலாகாது. 108 இழை மஞ்சள் நூலில் தாலி கோக்கலாகாது. திருமணத்தில் சகுனம் பார்த்துத் தேங்காய் உடைக்கலாகாது. பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சடங்கு கூடாது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. ஒதுக்கப்பட்ட மக்களில் ஒருவர் நோயுற்றால், குரு அவர் குடிசைக்குள்ளேயே சென்று அருளடையாளங்களை வழங்க வேண்டும், நோயாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரச் சொல்லக் கூடாது. இப்படி ஓர் ஆணை போட வேண்டியிருந்தது என்பதே அன்றைய நிலையைச் சொல்லிவிடுகிறது.

பல பத்தாண்டு வாக்குவாதத்துக்குப் பின், 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் இதை உறுதி செய்தார். இங்கே பணிக்கு வரும் ஒவ்வொரு குருவும் இந்த ஆணையைக் கடைப்பிடிப்பேன் என்று ஆணையிட வேண்டும். ஆனால் அதே ஆவணம், ஒதுக்கப்பட்ட மக்களுக்கென்று தனியாகக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாட்டையும் ஏற்றுக்கொண்டது. தேங்காயையும் நூலையும் அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர்கள் இந்தப் பிரிவினைக்கு இவ்வளவு இடம் கொடுத்தார்களே என்று நாங்கள் பலமுறை யோசித்ததுண்டு.

பிரெசிலாக் அந்த ஆணையை இட்டுத்தான் பணி தொடங்கினார். நடைமுறையில் என்ன கண்டார்? ஒரு குரு இதை வெறும் ஊர்வழக்கம் என்று விட்டுவிடுவார். அடுத்த ஊர்க் குரு அதையே மூடநம்பிக்கை என்று தடுப்பார். கையொப்பமிட்டு ஆணையிட்டது ஒன்று, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நடப்பது வேறு. எது மதச் சடங்கு, எது வெறும் சமுதாய வழக்கம், சாதியில் எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள் என உரோமைக்கு எழுதினார். மனம் அமைதி பெறும்படியான பதில் வரவில்லை.

அவரைச் சாதி ஒழிப்பு வீரர் என்று இன்றைய மேடைகளில் காட்டுவது நேர்மையாகாது. இந்திய வழக்கங்களை மதிக்க வேண்டும் என்று நினைத்தவர்தான் அவர். அவர் வேதனை வேறு வகையானது. ஆயர் என்பவர் தம் குருக்களை ஆணையிட வைக்கிறவர். அந்த ஆணை ஊரில் மீறப்படுவதைப் பார்த்துக்கொண்டு, "பரவாயில்லை, எல்லோரும் இப்படித்தான்" என்று அவரால் இருக்க முடியவில்லை. நாமும் எத்தனை தாள்களில் கையெழுத்துப் போடுகிறோம்! பத்திர அலுவலகத்திலிருந்து பள்ளிக்கூட விண்ணப்பம் வரை. உண்மையைத்தான் எழுதினோமா என்று எத்தனை முறை தூக்கம் கெட்டிருக்கிறோம்? அவருக்குக் கெட்டது.

உடன் பணியாற்றிய குருக்களுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடுகள் வளர்ந்தன. சுதேசக் குருக்களை உயர்த்துவதிலும் நினைத்த வேகம் இல்லை. 1854இல் அவர் கோயம்புத்தூரை விட்டு உரோமைக்குப் புறப்பட்டார். 1855 மார்ச் மாதம் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அவருடைய பதவி விலகலை ஏற்றுக்கொண்டார்.

நாற்பத்தொரு வயதில் பதவி இல்லாத ஆயர். யாரோடும் சண்டை போட்டுவிட்டுப் போனவர் அல்லர், யாரையும் இழிவாகப் பேசிவிட்டுப் போனவரும் அல்லர். ஆனால் ஊர் என்ன சொல்லியிருக்கும்? "தாக்குப்பிடிக்க முடியவில்லை, ஓடிவிட்டார்" என்று சிலராவது சொல்லியிருப்பார்கள். புனிதர்களின் வரலாறுகளில் நாம் விரும்பிக் கேட்பது துப்பாக்கிக்கும் வாளுக்கும் முன்னால் நிமிர்ந்து நின்ற கதையை. மனச்சான்றுக்காக நாற்காலியை விட்டு எழுந்தவர் கதைக்குத் தேர் இழுப்பதில்லை. பதவியை விட்டு இறங்குவது எவ்வளவு கடினம் என்பது கோவில் கமிட்டியில் மூன்றாண்டு இருந்தவருக்குக் கூடத் தெரியும்.

அவர் ஓய்வெடுக்கவில்லை. ஆப்பிரிக்காவில் யாரும் போகாத இடத்துக்கு என்னை அனுப்புங்கள் என்று உரோமையைக் கேட்டார். அவர் மனத்தில் இருந்தது மேற்குக் கரையிலுள்ள தகோமே நாடு. அடிமைகளாக விற்கப்பட்ட எத்தனையோ பேர் கப்பலேறிய கரை அது. தனியாள் போக முடியாது, ஒரு சபையை நிறுவுங்கள் என்று பதில் வந்தது. ஊர் ஊராகப் போய் மறையுரையாற்றி, காணிக்கை கேட்டு, ஆள் சேர்த்தார். 1856 டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் திருநாளன்று, லியோன் நகரின் குன்றின்மேல் இருக்கும் ஃபூர்வியேர் அன்னை கோவிலில் ஆறு தோழர்களோடு தம்மை அர்ப்பணித்தார். ஆப்பிரிக்க மறைபரப்புச் சபை பிறந்தது. கருமத்தம்பட்டி அன்னையின் நிழலில் ஆயரானவர், இன்னோர் அன்னையின் முன்னால் மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

தகோமே மிகவும் ஆபத்து என்று உரோமை சியேரா லியோனைக் கொடுத்தது. விடுதலை பெற்ற அடிமைகளைக் குடியேற்றிய ஊர் ஃப்ரீடவுன். 1859 மே 14 அன்று அவருடைய கப்பல் அங்கே வந்தபோது ஊரில் மஞ்சள் காய்ச்சல். இறங்க வேண்டாம் என்று எச்சரித்தார்கள். முன்னமே போயிருந்த தம் குருக்கள் அங்கே இருக்கும்போது தாம் கப்பலிலேயே திரும்பிப் போவதா? இறங்கினார். கொசுதான் இந்த நோயைப் பரப்புகிறது என்று மருத்துவம் உறுதி செய்ய இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. சூன் மாதத்தில் தோழர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். 25ஆம் நாள் ஆயரும். மூன்று நாள் கழித்து அவருக்கு அடுத்த பொறுப்பிலிருந்த ரேமோன் என்னும் குருவும். நம்பிக்கை, எதிர்நோக்கு என்று சொல்லி, அன்பு என்ற சொல்லை முடிக்க இயலாமல் ஆயர் திணறியபோது, ரேமோன் அந்தச் சொல்லை அவருக்காக முடித்தார் என்று அவருடைய சபையில் சொல்கிறார்கள்.

ஃப்ரீடவுனில் அவர் இருந்தது ஆறே வாரம்.

அன்றிலிருந்து சரியாக 40ஆம் நாள், ஆகஸ்ட் 4 அன்று, லியோன் நகருக்குப் பக்கத்து ஆர்ஸ் ஊரில் இன்னொரு குரு இறந்தார். அவர் ஜான் மரிய வியான்னி. ஊரே திரண்டு அழுதது. 1925இல் புனிதரானார், எல்லாப் பங்குத்தந்தையருக்கும் பாதுகாவலரானார். ஆகஸ்ட் 4 வந்தால் நம் பங்குத்தந்தைக்கு மாலை போட்டு வாழ்த்துப் பாடுகிறோமே, அவருடைய திருநாள்தான். இரண்டு பிரெஞ்சுக் குருக்கள், ஒரே கோடைக்காலம். ஒருவர் 41 ஆண்டுகள் ஒரே பங்கில் இருந்து புனிதரானார். மற்றவர் புதுச்சேரி, சேலம், கருமத்தம்பட்டி, கோயம்புத்தூர், லியோன், ஃப்ரீடவுன் என்று எங்கும் நிலையாகத் தங்க முடியாமல் போனார்.

லியோனில் செய்தி வந்தபோது அங்கே எஞ்சியிருந்தது பிளாங்க் என்னும் ஒரு குருவும் சில மாணவர்களும். சபையை மூடியிருக்கலாம். மூடவில்லை. 1861இல் அவர்களுடைய முதல் குரு தகோமேயின் உய்தா நகரில் இறங்கினார். பிளாங்க் 1907இல் இறக்கும்வரை அந்தச் சபையை நடத்தினார். அந்தத் தகோமே இன்று பெனின் நாடு. அங்கே அந்தச் சபையினர் நடத்திய குருமடத்தில் படித்த ஒருவர் பெர்னார்டின் கான்டின். 1960இல் பேராயரானார், பின்னர் கர்தினாலானார். 1984 முதல் 1998 வரை உரோமையில் ஆயர்களுக்கான பேராயத்தின் தலைவராக இருந்தார். உலகின் பல நாடுகளுக்கு யாரை ஆயராக நியமிக்கலாம் என்று திருத்தந்தைக்குப் பரிந்துரைக்கும் அலுவலகம் அது. உள்ளூர்க் குருக்களை ஆயராகும் அளவுக்கு வளர்க்க வேண்டும் என்று நம் ஊரில் மன்றாடியவர், போய்ச்சேர முடியாத அந்த நாட்டிலிருந்து இவர் வந்தார்.

நம் ஊரில் என்ன ஆயிற்று? தமிழ் மண்ணில் தூத்துக்குடிக்கு 1923இல் ரோச் ஆண்டகை ஆயரானார். கோயம்புத்தூர் இன்னும் காத்திருந்தது. 1940இல் உபகாரசாமி ஆண்டகை நம் மறைமாவட்டத்தின் முதல் இந்திய ஆயரானார். பிரெசிலாக் விலகி 85 ஆண்டுகள். அதே 1940இல்தான், குருக்கள் இட வேண்டியிருந்த அந்தப் பழைய ஆணையை உரோமை நீக்கியது. அவரைத் தூங்கவிடாத இரண்டு கேள்விகளில், குருக்கள் பற்றிய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லலாம்.

மற்றதைப் பற்றி அப்படிச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டபோது, திருஅவைக்குள்ளும் தீண்டாமை நடக்கிறது என்று ஒத்துக்கொண்டது. தமிழகத்தின் சில பங்குகளில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நின்றதை நாம் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். பெண் பார்க்கப் போகும்போது நாம் முதலில் கேட்கிற கேள்வி எது என்று நமக்குத் தெரியும். அது ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும் விவரம் அன்று.

பாட்டியின் கேள்விக்கு வருவோம். நம் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். ஆனால் இன்னும் அவருக்குத் திருநாள் இல்லை, அவர் பெயரில் திருப்பலி வைக்க முடியாது, பீடத்தில் படம் வைக்க முடியாது, ஒளிவட்டம் வரையக் கூடாது. திருஅவையின் ஒழுங்கு அப்படி. தனிப்பட்ட முறையில் அவரிடம் பரிந்துரை கேட்டு வீட்டில் செபிக்கத் தடையில்லை. குருமடத்தில் படிக்கும் பிள்ளைக்காக, கையெழுத்துப் போடத் தயங்கி வேலையிடத்தில் தனித்து நிற்பவருக்காக, எடுத்த காரியம் தோற்றுப்போனது என்று உட்கார்ந்திருப்பவருக்காக. அருள் ஏதும் கிடைத்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். அருளாளர் நிலைக்கு ஒரு புதுமை தேவை, அது கருமத்தம்பட்டிப் பக்கத்திலிருந்து வரக்கூடாதா என்ன?

அவருடைய உடல் எச்சங்கள் ஃப்ரீடவுனிலிருந்து பின்னாளில் எடுக்கப்பட்டு இப்போது லியோனில் இருக்கின்றன. அவ்வளவு தூரம் நம்மால் போக முடியாது. அக்டோபரில் கருமத்தம்பட்டித் திருவிழாவுக்கு நம்மில் பலர் போவோம். காந்திபுரத்தில் அவிநாசிப் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரம். தேர் பார்த்து, மெழுகுதிரி ஏற்றி, பொரி வாங்கிக்கொண்டு திரும்புவோம். இந்த முறை கோவிலுக்குள் செபமாலை சொல்லும்போது, பிள்ளைகளிடம் அந்த 1846 அக்டோபர் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லுங்கள். பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.